ஏழாம் மேசையில் விழுந்த குண்டூசி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌகரியமாகத்தான் இருக்கிறோம், அங்கே உனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, என் நரைமுடியை எண்ணும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது, அதுதான் வீட்டில் புதுத் தொல்லை. என் முழங்கால் பழையபடிதான், எந்த எலும்பு எதோடு உரசுகிறது என்று வகுப்பெடுக்கத் தெரிகிறது, மாடிப்படி ஏறத்தான் முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் எங்கள் உடற்கூறியல் லேப் உதவியாளர் ஓய்வு பெற்றார், ஜாடி துடைக்கும்போதெல்லாம் சீட்டியடிப்பாரே அவர்தான். டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேடம் இப்பதான் தைரியமா சொல்றேன், உங்க பொண்ணு எழுதின ப்ராக்டிகல் அன்னைக்கு ஏழாம் மேசையில குண்டூசி கீழ விழுந்துடுச்சு, நானே எடுத்துக் குத்தி வெச்சேன், அதுக்கப்புறம் உங்க பொண்ணு ஒருத்திதான் பாக்கி என்று சிரித்தார். பாவம், அதனால் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. எங்கே குத்தினீங்க என்று கேட்டேன். மணிக்கட்டுல வெள்ளைக் கயிறு மாதிரி இருக்குமே, அதுல என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மேசைமேல் கிடத்தியிருக்கும் பிரேதத்தில் ஊசி குத்திய இடத்தின் பெயரை எழுத வேண்டும், அதுதானே தேர்வு. நான் குத்தியிருந்தது நரம்பில், அவர் குத்தியது பக்கத்துத் தசைநாரில். நீ தசைநார் என்றுதான் எழுதியிருந்தாய். ஏன் அப்பவே சொல்லல என்றேன், உங்ககிட்டயா என்றார். பிள்ளைகள் எனக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருப்பது சும்மாவா, ஒன்பது மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவேன், விடைத்தாளை வாங்கிவிட்டால் மார்க்கைப் பற்றிப் பேச்சே கிடையாது, பாஸ் மார்க் ஐம்பதுக்கு ஒன்று குறைந்தாலும் ஃபெயில். உனக்கு நாற்பத்தொன்பது.

அன்று உன் தாளை அங்கேயே திருத்தி மார்க் போட்ட கையோடு எத்தனை தரம் கெஞ்சினாய், அம்மா ஊசி தசைநார்லதான் இருக்கு, ஒரு நிமிஷம் வந்து பாரேன் என்று. மேசை பத்தடி தள்ளித்தான் இருந்தது. மகளுக்குச் சலுகை காட்டினாள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்று நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு வீட்டுக்கு வந்தும், நரம்பு எது தசைநார் எது என்று தெரியாமல் என் வயிற்றில் பிறந்தாயே என்று சாப்பிடும்போது கேட்டேன். மறுதேர்வு எழுது என்றதற்கு, சரியா எழுதினதை எதுக்கு மறுபடி எழுதணும் என்று படிப்பையே விட்டுவிட்டுப் போனாய். அதைத் திமிர் என்று இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தேன், என் வாயில்தான் போட வேண்டும்.

ஆபீசில் விசாரித்தேன், அந்த வருஷத்துப் பதிவேட்டை இனிமேல் திருத்த முடியாதாம். நீங்க போட்ட விதிதானே மேடம் என்றார் கிளார்க். வகுப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், மாணவர் கூப்பிட்டால் ஆசிரியர் எழுந்து போய் மேசையைப் பார்க்க வேண்டும் என்று. உனக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, தெரியும்.

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறாய், நடுவில் கொஞ்சம் உட்கார். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும், அப்பாவும் அதையே எழுதச் சொன்னார். பதில் போட மறந்துவிடாதே. அன்று பத்தடி தூரம் வராதவள், இப்போது அவ்வளவு தூரம் வரட்டுமா என்று கேட்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தப்பாகத் திருத்திய,
உன் அம்மா