இரைச்சல் கழிக்கும் பெட்டி

மார்ச் 3
எஸ்.டி.ஆர். வாங்குவது உறுதி. கணினியில் செருகினால் மீடியம் வேவ் முழுவதையும் திரையில் கோடுகோடாகக் காட்டும் ரேடியோ. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். விலை குறைந்த சின்னதா, இரண்டு ஏரியல் மாட்டி இரைச்சலை மட்டும் கழித்துவிடும் பெரியதா? பழைய ரேடியோவில் தூரத்து நிலையம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஏதோ பொரிவதுபோல் ஒரே சத்தம்.

மார்ச் 4
ஏரியல்காரரிடம் கேட்டேன். என்னைப்போலவே தூரத்து நிலையப் பைத்தியம்; மாடி முழுக்கக் கம்பி கட்டி வைத்திருக்கிறார். "முதல்ல வீட்டு மெயினை அணைச்சுட்டு பேட்டரி ரேடியோவுல கேளுங்க. சத்தம் நின்னா கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்."
மெயினை அணைப்பதா? என் மனைவியின் ஆக்சிஜன் மெஷின் ஓடுவதே அதில்தானே!

மார்ச் 5
இவளிடம் உளறிவிட்டேன். "அஞ்சு நிமிஷம் அணைச்சா செத்தா போயிடுவேன்? சிலிண்டர்தான் இருக்கே." மூக்கில் குழாயோடு சிரிக்கிறாள். அந்தப் பேச்சை எடுக்காதே என்று கத்திவிட்டேன். இருப்பது ஒரே சிலிண்டர். மறுபடி மெஷின் ஓடாவிட்டால்? போன மாதம் அவள் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தவன் நான்.

மார்ச் 8
மத்தியானம் கண்ணயர்ந்தபோது மெஷின் நின்றுவிட்டதுபோல் இருந்தது. விழுந்தடித்து ஓடினேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மார்ச் 11
ஏரியல்காரர் தன் பெரிய பெட்டியை இரவல் கொடுத்தார். ஒரு ஏரியல் வெளியே, ஒன்று வீட்டுக்குள். திருகைத் திருகத் திருக, சத்தம் போன இடம் தெரியவில்லை! கடலுக்கு அப்பாலிருந்து புரியாத மொழியில் ஒரு குரல். இவள் கட்டிலருகே கொண்டுபோனேன். "என்ன சொல்றான்?" "எனக்கென்ன தெரியும்?" இருவரும் சிரித்தோம்.
இதேதான் வேண்டும். ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 14
மெஷினைப் பரிசோதிக்க மெக்கானிக் வந்தார். இவளைத் தான் கொண்டுவந்த சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். இதற்காகவே நான் கையில் வைத்திருந்த பேட்டரி ரேடியோவில் சத்தம் சட்டென்று நின்றது. ஓ, மெஷின்தான் குற்றவாளி என்று நினைத்தேன். அதையே கூடத்தில் செருகி ஓட்டினார். சத்தம் இல்லை. மறுபடி இவள் அறையில் செருகினார். வந்துவிட்டது. பிளக்கில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். "சார், கொதிக்குது!"
மெயினை அணைத்துச் சுவரிலிருந்த பிளக் பெட்டியைக் கழற்றினோம். உள்ளே ஒரே கரி. ஒயர் தளர்ந்து வாரக்கணக்கில் பொறி பறந்திருக்கிறது. ஆக்சிஜன் குழாய் ஒரு முழத் தூரத்தில். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா…" என்று தொடங்கியவர் இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டிருந்தேன் நான்? அவ தலைமாட்டுல நெருப்பு பொரியுது — நான் அது காதுல விழாம இருக்கப் பெட்டி தேடிட்டிருந்திருக்கேன். சிரிச்சுட்டு வேற இருந்தேன்.

மார்ச் 15
எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். இனி பயமில்லை என்கிறார். அவருக்கு இல்லை.

மார்ச் 23
பெரியதை ரத்து செய்துவிட்டுச் சின்னதையே வாங்கினேன். ஏரியல்காரருக்குத் தாங்கவில்லை. "இதுல இரைச்சலைக் கழிக்க முடியாதே!" தெரியும் என்றேன்.
சாயங்காலம் இவள் அறையில் அதைப் போட்டு, திரையில் கோடே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். "அங்கதான் யாரும் பேசலையே?" என்றாள்.
யாரும் பேசவில்லை; எதுவும் பொரியவும் இல்லை. அரைமணி நேரம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.