மலர்கொடியைக் கூப்பிட்டாரா

பெரம்பூர், சென்னை
16-1-1971

அன்பு மாப்பிள்ளை வீரையனுக்கு,

உன் மச்சான் ரெத்தினம் எழுதுவது. தங்கச்சி அம்சவல்லிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வழக்கம்போல் நீ உரக்கப் படி, அவள் அடுப்படியிலிருந்து கேட்கட்டும். அவளை நீ கட்டிய நாளிலிருந்து உன்னை "வாங்க, போங்க" என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வாய்க்கால் வற்றும்போது என்னோடு சேர்ந்து சேற்றில் விரால் துழாவிய பயலை எப்படி ஐயா மரியாதையாகக் கூப்பிடுவது? நாக்கு வளையவில்லை.

இங்கே பொங்கல் ரேஷன் பச்சரிசியில் முடிந்தது. அச்சாபீசில் எனக்கு பைண்டிங் வேலை. நாள் முழுக்கப் பசை வாடை. தை பிறந்தால் நம் ஊர்க் களத்தில் புது வைக்கோல் வாசம் அடிக்குமே, அதை நினைத்துக்கொண்டே பசை தடவினேன்.

உங்கள் குழந்தை மலர்கொடி இறந்துபோன தந்தி கிடைத்ததும் புறப்பட்டு, கார்த்திகை வெள்ளத்தில் ரயில் பாதி வழியில் நின்று நான் திரும்பியதை முன்பே எழுதினேன். பிள்ளை முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல்தான் அதற்குப் பிறகு இவ்வளவு நாள் எழுதவில்லை. இப்போது என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன், கேள்.

நான் இப்போது போகும் கிறிஸ்தவ சபை சின்னது. போதகர் இராஜாங்கம் ஐயா சொல்வது இதுதான்: மனிதன் தன் நல்ல குணத்தால் கடவுளிடம் சேர முடியாது. உலகம் உண்டாகும் முன்பே அவர் தம்மவர்களைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்துவிட்டார். காலம் வரும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, போனவனை அவர் கைவிடவும் மாட்டார். இதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்க் களம்தான் கண்முன் வந்தது. விடியலில் தெருவே திரண்டு நிற்க, பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் குடையை நீட்டி "நீ வா, நீ வா" என்று ஆள் பொறுக்குவாரே. சூம்பின காலை வைத்துக்கொண்டு நானும் தினம் நிற்பேன். ஒருநாளும் அந்தக் குடை என் பக்கம் திரும்பியதில்லை. அப்படிப்பட்ட என்னைக் கடவுள் கூப்பிட்டிருக்கிறார் மாப்பிள்ளை. இதை உங்கள் இருவரிடமும் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் நினைவோடு,
ரெத்தினம்

ஆலங்கொல்லை, நீடாமங்கலம் வழி
8-2-1971

அருமை மச்சானுக்கு,

வீரையன் வணக்கம். கடிதம் கிடைத்தது, படித்தோம். அம்சவல்லிக்கு உன் பசை வாடைதான் கவலை, அண்ணனுக்கு இருமல் வந்துவிடுமாம். தாளடி நெல் அறுப்பு நெருங்குகிறது. தேர்தல் சத்தத்தில் காது கிழிகிறது, சுவரெல்லாம் சூரியன். குடியிருக்கிற மனை நமக்கே பட்டாவாகும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. மந்திரிகள் இருக்கும் ஊரில் இருக்கிறாய், உண்மையா என்று விசாரித்து எழுது. உன் கடவுளைப் பற்றி எழுதியதில் பாதி இடம் இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

உன் கடவுளை நீ யாரோடு ஒப்பிட்டாய் என்று பார்த்தாயா? பஞ்சநதத்தோடு! நான் ஏச நினைத்ததை நீயே எழுதிவிட்டாய்.

அந்த ஆடி மாதக் காலை மறந்து போச்சா? வேலை கொடுத்தால் எல்லாருக்கும் கொடு, இல்லாவிட்டால் யாரும் இறங்க மாட்டோம் என்று சங்கத்தில் முடிவெடுத்த மறுநாள். பஞ்சநதம் முதலில் என்னைப் பார்த்துத்தான் குடையை நீட்டினார். நான் நகரவில்லை. அடுத்தவனும் நகரவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வெயில் ஏறிப் பறித்துப்போட்ட நாற்றெல்லாம் வாட ஆரம்பித்த பிறகு, வேறு வழியில்லாமல் தெரு முழுவதையும் இறக்கினார், உன்னையும் சேர்த்து. நீ வரப்பிலிருந்து நாற்றுமுடி எடுத்து வீசும்போது வழுக்கிச் சேற்றில் விழுந்தாய். நடவுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அதுபோல் நீ சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டது கடவுளா, நாங்களா?

உன் சொர்க்கத்திலும் ஆள் பொறுக்கித்தான் எடுப்பார்கள் என்றால் எனக்கு அது வேண்டாம். வெளியே நிற்கிறவர்களோடு நின்றுகொள்கிறேன். மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வீரையன்

பெரம்பூர்
20-2-1971

பிரியமான மாப்பிள்ளை,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து, பிறகு அழுதேன். அந்த ஆடி மாதக் காலையை மறப்பேனா? அன்றைக்கு வாங்கிய கூலி நெல்லை அம்மா குத்தவே விடவில்லை, பானையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று நீங்கள் கூப்பிட்டதும் அவர் கூப்பிட்டதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

பஞ்சநதத்தை இழுத்தது என் தப்புத்தான். அவர் தோளையும் கையையும் பார்த்துப் பொறுக்கினார். கடவுள் அப்படிப் பார்க்கிறவராக இருந்தால் இன்றைக்கும் நான் களத்து ஓரத்தில்தான் நிற்பேன். எந்தத் தகுதியும் பார்க்காமல் தெரிந்துகொண்டார் என்பதில்தான் எனக்கு உயிரே இருக்கிறது.

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் எனக்கு ஏன் எழுதித் தபால்தலையை வீணாக்குகிறாய் என்று கேட்பாய். யாரைத் தெரிந்துகொண்டார் என்பதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை மாப்பிள்ளை. அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறோம். தண்டோரா போடுகிறவன் எல்லாத் தெருவிலும்தான் போடுகிறான், யார் காதில் விழும் என்பது அவன் கையில் இல்லை. உன் காதிலும் தங்கச்சி காதிலும் விழ வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டா விஷயம் பத்திரிகையில் அடிபடுகிறது, உறுதியாகத் தெரிந்ததும் எழுதுகிறேன்.

உன்
ரெத்தினம்

ஆலங்கொல்லை
15-3-1971

மச்சான்,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

உன் கடிதத்தை நான் படித்து முடித்தபோது அம்சவல்லி உலை வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் களத்தில் கதிர்க்கட்டை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "மலர்கொடிய கூப்புட்டாராமா? அவளுக்கு மூணு வயசு, பேரு சொன்னா திரும்பிப் பாக்கத் தெரியும். அண்ணன்கிட்ட கேட்டு எழுதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பிசைந்து வைத்த சோறு கோழிக்குப் போகிறது. வேலை முடிந்ததும் பிள்ளையைப் புதைத்த வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நான் போய் அழைத்தால் எழுந்து வருகிறாள், வரும் வழியெல்லாம் அதே கேள்விதான். குழந்தை போன துக்கத்திலிருந்து அப்போதுதான் கொஞ்சம் தலை தூக்கியிருந்தாள். அதைக் கெடுத்தாயே பாவி.

கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவன் நான். பிள்ளை மண்ணோடு மண்ணாகப் போச்சு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாந்திபேதி கண்ட அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலம் முழுகிக் கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன், நடு ஆற்றில் அதன் தலை என் தோளிலிருந்து சரிந்தது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

உன் சொல்தான் அவளைப் பிடித்திருக்கிறது, உன் சொல்தான் விடுவிக்க வேண்டும். மலர்கொடியைக் கூப்பிட்டுவிட்டார் என்று ஒரே ஒரு வரி எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது. என் பெண்டாட்டியும் போய்விட்டால் உனக்கும் எனக்கும் அப்புறம் என்ன உறவு?

வீரையன்

பெரம்பூர்
27-3-1971

அன்பு மாப்பிள்ளை வீரையனுக்கும் என் அம்சவல்லிக்கும்,

இதை எழுதுவதற்குள் என் பிராணன் போய்விட்டது. அந்த ஒரு வரியை எழுதித்தான் ஆரம்பித்தேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இராஜாங்கம் ஐயாவிடம் போனேன். அவரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என்னை உட்காரவைத்து, "நானும் இதைக் கேட்டுருக்கேன் தம்பி. பதில் வரல. நல்லவர்கிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு மட்டும் தெரியும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிறு வயதில் போகும் பிள்ளைகள் எல்லாரையும் கடவுள் சேர்த்துக்கொள்கிறார் என்று நம்புகிறவர்கள் எங்கள் சபையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன், ராத்திரியும் பகலும் அதைத்தான் அவரிடம் கேட்கிறேன். ஆனால் மலர்கொடியைத் தெரிந்துகொண்டார் என்று அவரே சொன்னதுபோல் நான் எழுத முடியாது. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக நான் சொன்னால், அவர் சொன்னது என்று நான் பிடித்துக்கொண்டிருப்பது எல்லாம் என்னாவது? எனக்குத் தெரியாது, தங்கச்சி. அவர் நல்லவர் என்பது தெரியும். அதற்கு மேல் இந்த அண்ணனிடம் ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை உள்ளபடியே அவளுக்குப் படித்துக் காட்டு.

ரெத்தினம்

ஆலங்கொல்லை
9-4-1971

ரெத்தினத்துக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். ஆனால் நீ எழுதியதைப் படிக்கவில்லை.

கூப்பிட்டார் என்று சொன்னேன். பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், பிள்ளையும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போச்சு என்று, கையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் படித்தேன். அம்சவல்லி அன்றைக்குச் சாப்பிட்டாள்.

ஊரெல்லாம் கடவுள் இல்லை என்று சொல்லித் திரிகிறவனைக் கடவுள் பேரில் பொய் சொல்ல வைத்துவிட்டாய். உன் உண்மையை நீயே வைத்துக்கொள். என் வீட்டுக்கு அது வேண்டாம். இனிமேல் எழுதாதே, எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

வீரையன்

ஆலங்கொல்லை
2-6-1971

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கச்சி அம்சவல்லி சொல்லச் சொல்ல, நீடாமங்கலத்தில் தையல்கடை வைத்திருக்கும் நஃபீசா அக்கா எழுதுவது. நான் எழுதச் சொன்னது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீ சுகமாக இருக்கிறாயா? இருமல் இருக்கிறதா? சித்திரை முழுக்க வேலை இல்லாமல் கிடந்தோம். ஆற்றில் தண்ணீர் விடப் போகிறார்களாம், நாற்றங்காலைச் சேறாக்கிச் சேடை ஓட்டினால் கூலிக்குக் கூப்பிடுவார்கள். மனைப் பட்டாவுக்கு தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து அளந்தார்கள் என்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவரே போன வாரம் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். உன் மேல் அவருக்கு ரொம்பக் கோபம். பிறகு நீ போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் கூரைச் செத்தையில் செருகிக் கிடக்கின்றன. தூக்கிப் போடவும் இல்லை.

அண்ணே, பங்குனியில் நீ எழுதிய கடிதத்தை அவர் எனக்குப் படித்தார். அது உன் பேச்சு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். உன் கடிதத்தைப் படித்தால் நடுநடுவே உன்னை ஏசாமல் இருக்க மாட்டார், உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று நின்று நின்றுதான் படிப்பார். அன்று எங்கேயும் நிற்கவில்லை. தாளைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தே படித்தார். மலர்கொடி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் என்ற இடத்தில் அவருக்குக் குரல் உடைந்துபோச்சு. பிள்ளை போன அன்றுகூட அவர் என் எதிரில் அழவில்லை. தட்டை எடுத்துவைத்து அவருக்கும் போட்டு, நானும் சாப்பிட்டேன்.

உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நீ எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதில் எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்ததுபோல் நீ எழுதியிருந்தால் இன்னொரு நாள் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நம் தெரு எல்லையம்மாளை நினைவிருக்கிறதா, நம்மோடு நடவுக்கு வருவாளே? அவள் பிள்ளையும் அதே வெள்ளத்தில் பேதியில் போனது. முந்தாநாள் வந்து என்னிடம் அழுதாள். உன் கடிதத்தில் இருந்தது என்று எதையாவது சொல்ல வேண்டுமென்று எனக்குத் தவிப்பு, ஆனால் வாய் வரவில்லை. அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே வந்தார். கையில் கடிதமும் இல்லை, காகிதமும் இல்லை. அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "அழாத எல்லையம்மா. ஒம் புள்ளயயும் பேரு சொல்லித்தான் கூப்புட்டாரு. ஒண்ணயும் விடல" என்றார்.

நான் தலை நிமிரவில்லை, நிமிர்ந்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும். கடவுள் கூப்பிடுகிறவர்களுக்குத் தாங்கள் கூப்பிடப்படுவது தெரியுமா தெரியாதா, அதை உங்கள் போதகர் ஐயாவிடம் கேட்டு வை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதே, இப்படிச் சொல்வதை நிறுத்திவிடுவார்.

இனிமேல் கடிதம் போடாதே, பிரிக்க மாட்டார். நடவு தொடங்கும் முன் நீயே ஒரு நடை வந்துவிடு. இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாவது ஒரே வாசல் திட்டில் உட்காருங்கள், நான் சோறு போடுகிறேன். எல்லையம்மாளும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுப் போனாள்.

இப்படிக்கு உன் வரவை எதிர்பார்க்கும்
அம்சவல்லி