பெல்ட் இல்லாமல் வந்த கட்டில்

02.11.2023, வியாழன்

இன்றைக்கு வீட்டில் நின்றவர்களின் பெயரை முதலில் எழுதுகிறேன். நான் நேசம்மா. மகள் நிலுஜா, வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியால் இன்றைக்குத்தான் நெடுந்தீவுக்கு வந்து இறங்கினவள். அவளுடைய குஞ்சு, பெட்டைப் பிள்ளை, இன்னும் பெயர் வைக்கவில்லை. என் மகன் சயந்தன். சம்பந்தி நல்லம்மா. போனுக்குள்ளே கட்டாரில் இருந்து மருமகன் சுதாகரன். வேறு ஒரு சனமும் இல்லை. நாளைக்கு யாரும் வந்து, நானும் நின்றனான், எனக்கும் தெரியும் என்று கதைக்க ஏலாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் கண்டதை மறக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. மற்றவர்கள் வசதிக்கு மறப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

பிள்ளையை எங்கே கிடத்தி வளர்த்துவது என்று வந்த முதல் மணித்தியாலத்திலேயே சண்டை. நல்லம்மா கூரை வளையில் சேலையைக் கட்டி ஏணை போடச் சொன்னா, தன் பிள்ளைகள் எல்லாம் ஏணையில்தான் வளர்ந்ததாம். நான் நிலத்தில் பாய் போட்டுத் தாயோடு கிடக்கட்டும் என்றேன். நிலுஜா இரண்டுக்கும் ஏலாது என்றுவிட்டாள். குனிந்து எழும்பினால் தையல் இழுக்குது, எட்டி ஏணையில் பிள்ளையைத் தூக்கவும் பயமாக இருக்குது. அவள் சொன்னது சரி. அவளுக்காகத்தான் சுதாகரன் கட்டாரில் இருந்து கப்பலில் ஒரு கட்டில் அனுப்பியிருக்கிறார். தாயின் கட்டிலோடு ஒட்டி வைக்கிற சின்னக் கட்டில். ஒரு பக்கத் தட்டி கீழே இறங்கும். தாய் கிடந்தபடியே கையை நீட்டிப் பிள்ளையை இழுத்துப் பால் கொடுக்கலாம்.

அதை யாழ்ப்பாணத்தில் போய் எடுத்து, குறிகாட்டுவான் துறையில் தன் வள்ளத்தில் ஏற்றி, நனையாமல் கொண்டு வந்து வைத்தது சயந்தன். பெட்டியின் வாயில் பசைநாடா இரண்டு மடிப்பு. கீழே இருந்தது பழசு, மேலே இருந்தது புதிசு, பளபளவென்று. கத்தி எடுத்து அதை அறுத்தது நல்லம்மா. வேறு யாரும் கை வைக்கவில்லை. பூட்டி நிமிர்த்தினதும் அவ சொன்ன வார்த்தை: “மாட்டுக்குத் தவிடு வைக்கிற தொட்டி மாதிரியெல்லோ கிடக்குது.”

பெற்ற மகன் காசு குடுத்து அனுப்பினதைச் சொல்கிற சொல்லா அது? இவதான் என் மகளின் கலியாணத்தன்று, பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலையோடு சபைக்குள் இருந்துகொண்டு, நான் சுட்ட பயத்தம்பணியாரத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து, எண்ணெய் பழசு என்றவ. அந்த எண்ணெய் அன்று காலையில் உடைத்த போத்தல்.

04.11.2023, சனி

பெரிய கட்டில் மெத்தைக்கும் சின்னக் கட்டிலுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளங்கை போகுது.

06.11.2023, திங்கள்

மருத்துவிச்சி, மிட்வைவ் மிஸ், வந்து பிள்ளையைப் பார்த்தா. மிஸ் நல்ல பிள்ளை, சளசளவென்று கதைப்பா, ஆனால் கட்டிலைக் கண்டதும் கதையை நிற்பாட்டிப்போட்டா. தலையணை ஒன்றும் வேண்டாம், துணிப் பொம்மை வேண்டாம், மல்லாக்காக வளர்த்துங்கோ என்றா. பிறகு நடு இடைவெளியில் தன் விரலை விட்டா.

“அம்மா, இதுக்குள்ள ஒரு விரலும் போகக் கூடாது. ரெண்டு மெத்தையும் ஒரே மட்டமா, ஒண்டோட ஒண்டு இறுகி நிக்க வேணும்.”

இறுக்கித்தான் வைக்கிறோம். நிலுஜா எழும்பும்போது தையல் நோவில் சின்னக் கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றுகிறாள். ஊன்ற ஊன்ற அது சீமெந்து நிலத்தில் கிறீச் என்று நகருது. நான் இடுப்பால் தள்ளித் தள்ளி ஒட்ட வைக்கிறேன். தள்ளிப்போட்டுக் குசினிக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி வாயைத் திறந்துகொண்டு நிற்குது.

07.11.2023, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுத வேணும்.

நிலுஜா கட்டாருக்கு வீடியோ போட்டு இடைவெளியைக் காட்டினாள். சுதாகரன் பார்த்த உடனே கேட்டது, “பெல்ட் போடேல்லையோ? சாம்பல் நிறத்தில ரெண்டு பெல்ட் அதுக்குள்ள இருந்தது. பெரிய கட்டில் சட்டத்தைச் சுத்தி இழுத்துப் பூட்டுறது. அது இல்லாமல் பிள்ளையை அதில விடாதேங்கோ.”

அறைக்குள் நின்றது நான், நல்லம்மா. வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தது சயந்தன். எல்லோருக்கும் கேட்டது.

நல்லம்மா பெல்ட் ஒன்றும் காணவில்லை என்றா. பெட்டியை உடைத்தது நீர்தானே என்று நான் கேட்டேன். சயந்தன் தலை நிமிராமல், தான் கொண்டு வந்து வைத்ததோடு சரி என்றான். அப்ப வேறு யார்? கத்தி பிடித்த கை யாருடையது? கேட்டேன். நல்லாக் கேட்டேன். கலியாண வீட்டுக் கதையையும் சேர்த்துக் கேட்டேன். படலையடி மட்டும் போய், தெருவில் போன சனத்துக்கும் கேட்கக் கேட்டேன்.

அவ செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னது: “என்ரை பேத்திக்கு வந்த சாமானைக் கொண்டுபோய் நான் என்ன ஆட்டுக்கோ கட்டப்போறன்? இனி உன்ரை படலை திறக்கமாட்டன், நேசம்மா.”

திறக்க வேண்டாம்.

சயந்தன்தான் எழும்பி வந்தான். “விடுங்கோ அம்மா, நான் வலைக்கயிற்றால கட்டி விடுறன்” என்று, நான் கேட்கிறதற்கு முன்னமே. பச்சை நைலோன் கயிற்றால் இரண்டு கட்டிலின் காலையும் சேர்த்துக் கட்டினான். ஒரு விரலும் போகவில்லை. என் பிள்ளை. தகப்பன் செத்த நாளில் இருந்து இந்த வீட்டுக்கு ஒரு ஆம்பிளை.

08.11.2023, புதன்

நல்லம்மா வீட்டுக் கல்வேலி ஓரமாக நடந்து போனேன். ஆடுகளின் கழுத்தைப் பார்த்தேன். தேங்காய்ப் பொச்சுக் கயிறுதான். உள்ளே எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறா.

10.11.2023, வெள்ளி

வாடைக்காற்றுப் பிடித்துவிட்டது. காலையில் சனம் ஏறுகிற லோஞ்ச் ஓடவில்லை. உப்பு ஈரம் எல்லாவற்றிலும், சுவரில், மெத்தையில், கயிற்றில். நைலோன் ஈரத்தில் நெகிழ்ந்து கட்டில் காலில் வழுக்கி இறங்கிக் கிடக்குது. சயந்தனைக் கூப்பிட்டேன், மறுபடி இறுக்கினான். அவசரமாக இறுக்கிப்போட்டுப் போனான். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்ன தம்பி என்று கேட்டேன். கடல் சரியில்லை அம்மா என்றான்.

அவன் சின்னனில் பொய் சொன்னால் காதைச் சொறிவான். இன்றைக்குச் சொறிந்தான். கடலைப் பற்றி ஏன் பொய் சொல்ல வேணும்?

12.11.2023, ஞாயிறு

தீபாவளி. பிள்ளை பிறந்த துடக்கு வீடு, கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. கட்டில் கால் கிறீச் என்கிறது கனவிலும் கேட்குது.

14.11.2023, செவ்வாய்

கயிறு திரும்பவும் இறங்கிவிட்டது. இரண்டு விரல். நான் பழைய சேலையைச் சுருட்டி இடைவெளியில் அடைத்தேன். மிட்வைவ் மிஸ் கேள்விப்பட்டால் ஏசுவா, துணி கிணி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவ. எடுத்துவிட்டேன். எடுத்தாலும் பயம், வைத்தாலும் பயம். தட்டியை ஏற்றிப் பூட்டிவிடுவமோ என்று நிலுஜாவைக் கேட்டேன். ஏற்றினால் தட்டிக்கு மேலால் பிள்ளையைத் தூக்க வேணும், தையல் பிரிஞ்சு போகும் என்று அழுகிறாள். அவளையும் பார்க்க வேணும். பிள்ளை பெத்தவள் சிரித்து நான் இன்னும் காணவில்லை.

சாம்பல் நிறப் பெல்ட். அதைக் கண்ணால் காணாமலே அதன் நிறம் எனக்கு மனப்பாடம்.

16.11.2023, வியாழன்

பிள்ளை இருக்குது. முதலில் அதை எழுதுகிறேன். பிள்ளை உயிரோடு இருக்குது.

மத்தியானம். நிலுஜா கிடந்தபடி பால் கொடுத்துவிட்டு, பிள்ளையை இரண்டு மெத்தையும் சேருகிற இடத்தில் வளர்த்திவிட்டு, விளிம்பில் கையை ஊன்றி எழும்பி வேது குளிக்க வந்தாள். நான் கிணற்றடியில் நொச்சியும் ஆமணக்கு இலையும் அவித்த தண்ணீரை வார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம்தான். முதுகுக்கு வார்த்து முடியவில்லை.

உள்ளுக்கு இருந்து ஒரு குரல். என் வீட்டுக்குள் இருந்து நல்லம்மாவின் குரல்.

ஓடினன். ஈரக் கையோட ஓடினன். அவ நிலத்தில குந்தி இருக்கிறா, மடியில குஞ்சு, முகம் நாவல்பழம் மாதிரி. அவ வாயை வைச்சு ஊதிறா, முதுகில தட்டுறா, திரும்ப ஊதிறா. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன், பேய் மாதிரி. பிறகு ஒரு விக்கல். பிறகு அழுகை. பூனைக்குட்டி கத்தினது போல, அவ்வளவுதான். ஆனா அழுகை.

கால் பக்கமாகச் சறுக்கி இடைவெளிக்குள் போயிருக்கிறது. தலை போகாமல் நடுவில் சிக்கி, முகம் பெரிய மெத்தையில் அமுங்கிக் கிடந்ததாம். நல்லம்மா பத்தியச் சரக்குத் தூள் இடித்து, வாசலில் வைத்துவிட்டுப் போக வந்தவ. கட்டில் கால் நகர்கிற சத்தம் கேட்டு, பிறகு ஒரு சத்தமும் இல்லை என்று உள்ளே போயிருக்கிறா.

தீவு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது அவ எனக்குச் சொன்னது இது ஒன்றுதான்: “உன்ரை முகத்தைப் பாக்க வரேல்லை நான்.”

17.11.2023, வெள்ளி

டொக்டர் சின்னப் பெடியன், மென்மையாகக் கதைக்கிறார். மூச்சு நல்லம், பால் குடிக்குது, இதயம் நல்லம். காற்று கொஞ்சம் அடங்கினதும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பார்ப்பம் என்றார். மூளைக்கு ஏதும் என்று நான் வாயெடுத்தேன். கொஞ்ச நேரம் காற்று இல்லாமல் இருந்திருக்குது அம்மா, பிள்ளை வளர வளரத்தான் பார்த்துச் சொல்லலாம் என்றார்.

வளர வளர. அப்ப இனி ஒவ்வொரு நாளும்.

கேள்விப்பட்ட சனம் எல்லாம் வந்து போகுது. தாய்மாமனைக் காணவில்லை.

18.11.2023, சனி

சயந்தனைத் தேடித் துறைக்குப் போனேன். காற்றுக்கு வள்ளங்களை மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். அவன் வள்ளத்துக்குள் குந்தியிருந்தான். வள்ளத்தின் பின் பக்கம், எண்ணெய்க் கானைப் பலகையோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தது. சாம்பல் நிறப் பெல்ட். கறுப்புப் பூட்டு. மிச்சத்தைக் கத்தியால் வெட்டி நெருப்பில் காட்டி நுனி கருக்கியிருக்கிறான். கடற்காரர் கயிற்றுக்குச் செய்கிற மாதிரி, வடிவாக.

நான் சத்தம் போடவில்லை. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன்.

பெட்டி வள்ளத்துக்குள் அடங்கவில்லையாம். குறிகாட்டுவானில் பிரித்துச் சாமானைத் தனித்தனியாக அடுக்கி, இறக்கினதும் திரும்பப் பெட்டிக்குள் போட்டுப் புதுப் பசைநாடா ஒட்டினானாம். பெல்ட் இரண்டும் பெட்டி கட்டி வந்தது என்று நினைத்தானாம். நல்ல சாமான் என்று வெட்டிப்போட்டானாம்.

அது வரைக்கும் பிழை. அது வரைக்கும் எனக்கு விளங்கும். இந்தத் தீவில் கரைக்கு வருகிற ஒரு முழக் கயிற்றைக்கூட ஒருவரும் எறிவதில்லை.

“அத்தான் பெல்ட் எண்டு கேக்கேக்கை நீ வாசல்லதானே இருந்தனீ.”

“வெட்டினாப் பிறகு எப்பிடியம்மா சொல்லுறது? அதுதானே கயிறு கட்டி விட்டனான்.”

“நான் அந்த மனிசியைத் தெருவில வைச்சுக் கள்ளி எண்டு பேசேக்கை?”

அவன் காதைச் சொறியவில்லை. என்னை நேராகப் பார்த்துத்தான் சொன்னான்.

“அவ உங்களுக்கு எப்பவும் கள்ளிதானே அம்மா. ஒண்டு கூடினா என்ன எண்டு விட்டிட்டன்.”

கடல் ஓரமாக நடந்து வந்தேன். வழியில் யாரும் கண்டு கதை கேட்டார்களா, நான் பதில் சொன்னேனா, தெரியாது. எனக்கு நினைவில்லை என்று நான் எழுதுகிற முதல் நாள் இது.

20.11.2023, திங்கள்

மிட்வைவ் மிஸ் வந்தா. நடுத்தட்டியை ஏற்றிப் பூட்டி, சின்னக் கட்டிலைப் பெரிய கட்டிலில் இருந்து ஒரு முழம் தள்ளித் தனியாக வைத்தா. இனி இடைவெளிக்குள் விழ இடைவெளி என்று ஒன்று இல்லை. பால் நேரத்துக்கு யாராவது தூக்கிக் கொடுத்து, குடித்து முடிய வாங்கி வளர்த்த வேணும் என்றா. பகலில் நான். இரவுக்கு ஆள் வேணும்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் வரமாட்டா. நானே போனேன். நல்லம்மா ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நின்றா. பெல்ட் எங்கே இருந்தது என்று சொன்னேன். குழையைப் போட்டு முடிக்கும் வரைக்கும் என்னை வெயிலில் நிற்க வைத்தா. பிறகு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தா.

23.11.2023, வியாழன்

யாழ்ப்பாணத்தில் தலையைப் படம் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் திரும்ப வரட்டாம்.

25.11.2023, சனி

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள். துடக்குக் கழிவு. ஐயர் வந்து தண்ணீர் தெளித்தார். குஞ்சுக்கு முடி இறக்கினார்கள், லக்சிகா என்று பெயர் வைத்தார்கள். அரைஞாண் கட்டுவது தாய்மாமன் உரிமை. சபையில் நான் அதைத் தடுக்கவில்லை. அவன் குனிந்து கட்டினான். அந்த விரல்கள் முடிச்சை எவ்வளவு கவனமாக இறுக்கின என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நிலுஜா போனைப் பிடிக்க, சுதாகரன் அங்கே இருந்து மச்சான் மச்சான் என்று சிரிக்கிறார். பெல்ட் கப்பலில் தவறிப் போனது என்றுதான் அவருக்கும் நிலுஜாவுக்கும் அவன் சொல்லியிருக்கிறான். நல்லம்மா எல்லாம் தெரிந்துகொண்டு வாய் திறக்கவில்லை.

பந்தியில் அவவுக்குப் பயத்தம்பணியாரம் வைத்தேன். எடுத்து மணந்து பார்த்தா. ஒன்றும் சொல்லாமல் தின்றா. கலியாண வீட்டுக் கதையை நான் கழிக்கவில்லை, அது தனி.

எல்லோரும் போன பிறகு குஞ்சின் இடது காதுக்குக் கிட்டக் கை தட்டினேன். திரும்பவில்லை. நித்திரை மயக்கமாக இருக்கும். நாளைக்கும் தட்டிப் பார்ப்பேன்.

பெல்ட்டை எடுத்தது பிழை, வெட்டினது பிழை, அதை ஒரு தாய் மறக்கலாம். பொய்யை ஒளித்து வைக்க அவனுக்கு வேறு இடம் கிடைக்காமல், என்ரை கோபத்துக்குள்ள கொண்டுவந்து ஒளிச்சு வைச்சவன். அங்கே நான் தேடமாட்டேன் என்று தெரிந்து வைத்தவன். என்னை அவ்வளவு தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். என் கட்டை வேகும் வரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன். பெயரை எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் வேறு ஆள் என்று நினைக்கக் கூடாது.

இலட்சுமணன் மகன் சயந்தன்.