எட்டாவது கணக்கு

கத்திவாக்கத்தில் ரயிலேறியவளுக்கு,

என் மாணவிகள் இருவரின் கெமிஸ்ட்ரி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டிலும் எட்டாவது கணக்கு ஒரே இடத்தில் தப்பு. சிவப்புப் பேனாவை மூடிவிட்டு எழுந்து நடந்தேன், வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஜன்னல் வழியே மணலித் தொழிற்சாலை நாற்றம் வேறு. உன்னிடம் பேசாமல் இன்று இந்த நோட்டுகள் நகராது.

நம் பி.எஸ்ஸி. காலத்தில் வாரம் பத்துக் கணக்கு. திங்கட்கிழமை காலை கெமிஸ்ட்ரி சாரின் மேஜையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இன்டர்னல் மார்க். நாம் செய்துகொண்ட ஏற்பாடு நினைவிருக்கிறதா? ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு. திருவொற்றியூரில் நான் ஏறியதும் இரண்டு நோட்டையும் விரித்து, அவரவர் போடாததைப் பார்த்து எழுதுவோம். ராயபுரம் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். ரயில் ஆட்டத்தில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகும். "சீக்கிரம் எய்துடி, தண்டார்பேட்ட வந்துகினு கீது" என்று என் முழங்கையை இடிப்பாய். அதில் இன்னும் கோணும்.

அன்று எட்டாவது கணக்கு நான் போட்டது. சல்ஃப்யூரிக் ஆசிட்டை நடுநிலையாக்க எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும்? ஆசிட் ஒரு பங்கென்றால் சோடா இரண்டு பங்கு. நான் ஒன்றுக்கு ஒன்று என்று போட்டேன், விடை பாதியாகிவிட்டது. தினமும் டேங்கர் லாரியில் நம்மைத் தாண்டிப் போகிற ஆசிட், அதைப் போய்! நீயும் ஓடும் ரயிலில் யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டாய்.

சார் இரண்டு நோட்டையும் அருகருகே வைத்தார். உன் எட்டாவது கணக்கு கோணல், என்னுடையது நேர். "யார் பார்த்து எழுதியது?" என்றார். நீ உடனே எழுந்தாய். "நான்தான் சார்." அது பொய்யில்லை. ஆனால் அவர் ஒரு பக்கம் முன்னால் திருப்பியிருந்தால் என் ஏழாவது கணக்கு கோணலாக இருப்பது தெரிந்திருக்கும். ஒற்றைப்படை ஐந்துமே கோணல்தான். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். உனக்குப் பத்துக் கணக்குக்கும் சைபர். எனக்கு ஒரு மார்க் போயிற்று, அவ்வளவுதான்.

எம்.எஸ்ஸி. சேர்க்கைப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது. நான் வகுப்புக்குப் போனேன், நீ மணலியில் ஒரு கம்பெனி லேபுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனாய்.

வருடங்கள் கழித்து வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வாசலில் பார்த்தபோது சொல்ல வாயெடுத்தேன். "அய்ய, அத்த இன்னும் மன்சுல வச்சிகினு கீறியா? வுடுடி. பசிக்குது, வா" என்று இழுத்துக்கொண்டு போனாய். நானும் தப்பித்தோம் என்று வந்தேன். வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமும் வருகிறது. ஒரு தரமாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? போன மாதம் உன் தம்பி போன் செய்து, நீ போய்விட்டாய் என்றான். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

இந்த வேலைக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரு பழக்கம். இரண்டு நோட்டில் ஒரே தப்பு வந்தால் அந்தக் கணக்கோடு நிறுத்த மாட்டேன், முந்தைய பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பேன். இப்போதும் பார்த்தேன். ஒருத்தியின் எட்டாவது கோணல். இன்னொருத்தியின் ஏழாவது கோணல், ஐந்தாவதும்.

நாளை வகுப்பில் கேட்பேன். ஒருத்தி எழுந்துவிடுவாள், தெரியும். நான் உட்கார்ந்திருப்பவளிடம்தான் போய் நிற்பேன்.