சுவரில் மாட்டிய பாயைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
இடாலினா சோரெஸ்,
க/பெ ஜெனித்து மார்சால்,
வெமேரா குடியிருப்பு, லெபுதாரா மலைவட்டம்,
கிழக்குத் திமோர்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
லெபுதாரா மலைவட்டம்.

பொருள்: சமரசக் கூட்டத்தில் பாதியில் சுருட்டப்பட்ட பாயை எங்கள் இரு குடியிருப்புகளிடம் ஒப்படைக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாருக்குப் பக்கவாதம் என்று தள்ளிப்போய்விட்டது. பொறுத்தருள வேண்டும்.

1. நான் பிறந்தது ஓடைக்கு அக்கரையில் ஃபதுலாரா. வாழ்க்கைப்பட்டது இக்கரை வெமேராவில். தொண்ணூற்றொன்பதில் நாட்டின் விடுதலைக்கான வாக்கெடுப்பு முடிந்த கையோடு, வெமேராவின் ஆயுதக் குழுவினர் என் தந்தை வெனான்சியுவை இழுத்துப்போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று நான், இப்போது என் மகன் இருப்பதுபோல், கைக்குழந்தை. என் தாயார் அன்று உடுத்திய கறுப்பை இன்றும் களையவில்லை. கல்லூரியில் பழகி நானும் ஜெனித்துவும் மணந்துகொண்டதை அவர் மன்னிக்கவுமில்லை. பேரனை ஓடைக்கு அப்பால் நின்று பார்ப்பார். நான் நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2. என் மகன் பிறந்த பிறகுதான் இரு கரைப் பெரியவர்களும் பேசி, எங்கள் வழக்கப்படி சமரசத்துக்குப் பாய் விரிக்கச் சம்மதித்தார்கள். தங்கள் அலுவலகம் மண்டபமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னபோது பெருமையாக நினைத்தோம். நானும்தான்.

3. பாயில் உட்கார்ந்து சொன்ன உண்மைக்குப் பழி இல்லை. வெளியே சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும். சொல்லி முடித்து, இரு தரப்பும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்த பின்புதான் பாயைச் சுருட்டலாம். ஒரு பாயில் தொடங்கியதை வேறு பாயில் முடிக்க முடியாது. இது தாங்கள் அறியாததல்ல.

4. அன்று என் மாமனார் சிப்ரியானு என் தாயாரைப் பார்த்துச் சொன்னார்: "நான் கொல்லல, தங்கச்சி. ஆனா குழி வெட்டினவன் நான். அந்தக் குழி..." அப்போதுதான் தங்கள் ஊழியர் ஒருவர் மேடையேறி, "மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம் பெரியவரே, விருந்தாளிங்க கிளம்பணும், சோறும் ஆறுது" என்று சிரித்துக்கொண்டே, அவர்களை எழுப்பிவிட்டுப் பாயைச் சுருட்டினார். புகைப்படத்துக்கு நாற்காலி போட இடம் வேண்டுமாம். மாமனார் வாயை மூடிக்கொண்டார். என் தாயார் சாப்பிடாமல் எழுந்து போனார்.

5. பாய் இப்போது தங்கள் வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிக்குள், சமாதானச் சின்னமாக இருக்கிறது. கேட்கப் போன என் கணவரிடம், "சந்தையில பாய்க்கா பஞ்சம்? புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க தம்பி" என்றார்கள்.

6. சென்ற மாதம் மாமனாருக்கு வாதம் அடித்தது. பேச்சு போய்விட்டது. நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். என் தந்தை எங்கே இருக்கிறார் என்பது அந்த ஒரு வாய்க்குள் இருக்கிறது. அதில்தான் கரண்டியை வைக்கிறேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எந்தப் பக்கம்னு கையையாவது காட்டுங்க மாமா" என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாய்க்கு வெளியே காட்டினால் பழி விழும் என்று தன் மகன்களின் உயிருக்குப் பயப்படுகிறார். ஆனால் வலக்கை இன்னும் அசைகிறது. பாயில் உட்காரவைத்தால் அந்தக் கை காட்டும் என்று நம்புகிறேன். அவரைத் தூக்கிக்கொண்டு அந்தத் திசையில் நடப்போம்.

7. என் தாயாரிடமும் போனேன். "அந்தப் பாய் வராம அந்த வீட்டு வாசல்ல எச்சில்கூட துப்பமாட்டேன். வந்தா, அந்தக் கெழவனை நானே ஒரு பக்கம் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். போய்ச் சொல்லு உன் அதிகாரிகிட்ட" என்றார். சொல்லிவிட்டேன்.

8. மகனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. மருத்துவமனையில் பல் முளைக்கும் காய்ச்சல் என்கிறார்கள். முறைப்படி அடக்கமாகாதவர் பேரனைத் தேடி வருகிறார் என்று இரண்டு கரையிலும் சொல்கிறார்கள். நான் படித்தவள், இதை நம்பக்கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறை உடம்பு சுடும்போதும் அப்பாவிடம் மன்றாடுகிறேன்.

ஆகவே ஐயா, ஆணிகளைப் பிடுங்கி அந்தப் பாயைத் தந்துவிடுங்கள். மண்டபம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம். மாமனாருக்கு நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. அவர் கண்மூடும் முன் தர முடியாதென்றால், பிறகு அது எங்களுக்கு வேண்டாம். அங்கேயே தொங்கட்டும். அதில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொல்லி முடிக்க எங்களில் யாரும் இருக்கமாட்டார்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கத் தெம்பின்றி, ஆயினும் எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
இடாலினா சோரெஸ்

இடம்: வெமேரா
நாள்: 14 நவம்பர் 2024