தண்ணீர் போகாத குழாய்

என் அக்காவுக்கு,

கிருலப்பனை வீட்டில் உன் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிலிக்கன் குழாய் கிடக்கிறது. தீக்குச்சித் தடிப்புத்தான் இருக்கும். "அத்தைக்கு ஏன் அப்பா பிளாஸ்டிக்?" என்று உன் மருமகள் கேட்கிறாள். காரணத்தை முதலில் உனக்குத்தான் சொல்லவேண்டும்.

மைக்ரோஸ்கோப்பின் கீழ் எலியின் இரத்தக் குழாயை வெட்டித் திரும்பத் தைக்கப் பழக்கிய அந்த அறை நினைவிருக்கிறதா? அன்று தைத்துக் காட்டியவர் உன் பெரிய டாக்டர், மயக்க மருந்து கொடுத்தவள் நீ. குழாய் அடைத்துக்கொண்டது, எலியும் செத்தது. "இவள் மருந்தைக் கூட்டிக் குடுத்திட்டாள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, உன்னைப் பயிற்சியிலிருந்தே வெளியேற்றினார்.

நீ வீட்டுக்கு வந்து சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "கடைசித் தையலிலை அவருக்கு அவசரமடா. குழாயின்ரை பின்சுவரையும் சேர்த்துத் தைச்சிடுவார். பிறகு ரத்தம் எப்பிடிப் போகும்?"

உன்னைக் கொண்டுபோனது டெங்கு. அதற்கு அவரைப் பழி சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கெட்ட பெயரோடு போனாயே, அதை விடமாட்டேன்.

வெள்ளவத்தைக் கடையில் ஊசி, நூல், கையுறை விற்றுக்கொண்டிருந்தவன் இப்போது இரத்தக் குழாய்க்குப் பதிலாகத் தைத்துப் பழகும் சிலிக்கன் குழாய்களும் இறக்குமதி செய்கிறேன். போன வாரம் அவருடைய வகுப்புக்கே கொண்டுபோனேன். என்னை அடையாளம் தெரியவில்லை.

"பிளாஸ்டிக்கிலை பழகினால் பிளாஸ்டிக் டாக்டர்தான் வருவினம்" என்று சிரித்தார்.

"உண்மைதான் சேர், ரத்தம் உறையிறதை இது காட்டாது. அதுக்குக் கடைசியிலை எலி வேணும். கை பழகிறதுக்கு இது போதும். நீங்களே ஒண்டு தைச்சுக் காட்டுங்கோவன்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்தார். பெரிய திரையில் ஒவ்வொரு தையலும் அழகாகத் தெரிந்தது. கடைசித் தையலில் கை விரைந்தது. ரத்தத்துக்குப் பதிலாக நான் குழாய்க்குள் சிவப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று மெதுவாகக் கேட்டது: "சேர், தண்ணி வரேல்லை?"

"குழாய் பழுது."

"அப்ப வெட்டிப் பார்ப்பம் சேர்," என்று நீளவாக்கில் கீறித் திரையில் விரித்தேன். கடைசி நூல் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எலி என்றால் குப்பைக்குப் போயிருக்கும், பழி உனக்கு வந்திருக்கும்.

"இதுக்கு மயக்க மருந்து குடுத்தது ஆர் சேர்?" என்று கேட்டுவிட்டு உன் பெயரைச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும் அக்கா. எனக்கு அன்று சோறு இறங்கியது. நீ இருந்தால் "பாவமடா, விடு" என்றுதான் சொல்லியிருப்பாய். சொல்லாதே.

"அது பழைய கதை, தம்பி" என்று எழும்பிப் போய்விட்டார். பிழை தன்னுடையது என்ற அந்த ஒரு வசனம் வாயில் வரவில்லை. வெட்கம் மட்டும் எனக்குப் போதாது.

அவர் தைத்த அந்தக் குழாய்தான் உன் படத்துக்கு முன்னால் கிடப்பது. அடுத்த வகுப்புக்கும் இதைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். அதற்கடுத்த வகுப்புக்கும். திரையில் இதை விரித்து உன் பெயரைச் சொல்வேன். என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். அவர் வாயால் அது வரும் நாளில்தான் உன் படத்தடியிலிருந்து இதை ஒரேயடியாக எடுப்பேன்.

உனக்காக விடாப்பிடி பிடிக்கும்,
உன் தம்பி