சாம்பல் கோட்டையில் என் எதிரி

1 ஜூன் 2025, ஞாயிறு

மகள் மோகனா ஈப்போவுக்குப் படிக்கப் போனபோது விட்டுச் சென்ற கம்ப்யூட்டரில் இன்று ‘சாம்பல் கோட்டை’யை இறக்கினேன். பழைய விளையாட்டைப் புதுப்பித்து மறுபடி விட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் டிராகன் என்றால் பத்துப் பழுப்புக் கட்டங்கள்தான். ஆனாலும் பயத்தில் நாற்காலியோடு பின்னால் நகர்வேன். இப்போது அதன் மூக்கில் முடிகூடத் தெரிகிறது. எங்கள் தேயிலை ஃபேக்டரி மேனேஜர் ஜாடை. பயமே வரவில்லை.

தாப்பா மலைரோட்டு வளைவுகளில் ஒருநாளும் தலை சுற்றாதவள், கோட்டைப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறியதும் வாந்தி எடுத்தேன். கணவர் லோகேஸ்வரன் இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். சிரிக்கவில்லை. வெளியே போய்ச் சிரித்தார்.

3 ஜூன்

கை எதையும் மறக்கவில்லை. கண்தான் கண்ணாடி கேட்கிறது.

8 ஜூன், ஞாயிறு

மதியம் முழுக்க மழை. ஒரு கூட்டாளி கிடைத்தார், பெயர் ‘ரொட்டிராஜா’. நான் ‘கொழுந்து’. மைக் போடவில்லை, எழுத்தில்தான் பேச்சு. எனக்கு நெருப்புக்கோல், அவருக்குப் பனி அம்பு. நான்காம் வாசல் வரை போய்விட்டோம். இப்படி ஒருத்தர் அந்தக் காலத்திலேயே கிடைத்திருந்தால்!

கிளம்பும்போது எழுதினார்: பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடையாம். சாயங்காலம் அசர் தொழுகை முடித்து வந்தால், கூட்டம் சேரும்வரை கொஞ்ச நேரம் விளையாடுவாராம்.

பிரிஞ்சாங். சாப்பாட்டுக் கடை. ரொட்டி.

நஸ்ருல்!

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

9 ஜூன்

எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. 2001. பிரிஞ்சாங் சைபர் கஃபேயில் இறுதிப் போட்டி, நானும் நஸ்ருலும். இன்னும் ஒரே ஒரு அடி அடித்தால் நான் ஜெயிச்சேன் — பட்டென்று என் திரை இருண்டது. பிளக் கழன்று கிடந்தது. பக்கத்தில் அவன் கால். கோப்பை அவனுக்கு. நான் சொன்னதை ஒருத்தரும் நம்பல. தோத்த பொண்ணு சாக்கு சொல்லுதுன்னு சிரிச்சாங்க.

அத்தோடு விளையாட்டை விட்டேன். அவன் கடை ரொட்டியையும் விட்டேன். லோகேஸ்வரன் மட்டும் லோரி ஓட்டிப் போகும் வழியில் அங்கேதான் சாப்பிடுகிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

15 ஜூன், ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். நான்காம் வாசலை வேறு யாரோடு தாண்டுவது?

டிராகனைக் கொன்றோம். சந்தோஷத்தில் அவன் எழுதினான்:

“உங்கள மாதிரியே ஆடுற பொண்ணு ஒன்னு இங்க இருந்துச்சு. ஃபைனல்ல அதோட பிளக்கை உதைச்சிட்டேன். எங்க அத்தா பார்த்துக்கிட்டு இருந்தாரு, தோக்க வெட்கம். இன்னும் உறுத்துது லா.”

அவனை நெருப்புக்கோலால் சுட்டேன். உயிர்பெற்று வந்தான். மறுபடி சுட்டேன். ஏன் என்று கேட்டான். கை தவறிவிட்டது என்றேன். நான்கு தடவை தவறியது.

அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏன்டி சுபத்ரா அழுவுற? நீ சொன்னது நெசம்னு ஆயிடுச்சுல்ல? தெரியல.

17 ஜூன்

ஃபேக்டரி ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நஸ்ருல் கடைக்குப் போனேன். தலை வழுக்கை விழுந்துவிட்டது அவனுக்கு. தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தான். முன் மேசையில் அவன் அத்தா சாகுல் ஹமீது. நான்தான் கொழுந்து என்றேன். ஆற்றிய டீ கிளாஸுக்குள் விழாமல் அவன் செருப்பில் ஊற்றியது. துடைக்காமல் பெரியவரிடம் திரும்பினான்.

“அத்தா, அன்னிக்கு ஜெயிச்சது சுபத்ராதான். நான் பிளக்கை உதைச்சிட்டேன்.”

“தெரியும்டா. உன் காலைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.”

இருபத்து நான்கு வருடம்!

“மவன் மானம் போகக் கூடாதுன்னு வாய மூடிட்டேன்,” என்றார் பெரியவர். “தப்புதாம்மா. உக்காரு.”

கோபப்பட ஆள் இரண்டாகிவிட்டது, கோபம்தான் பற்றவில்லை. மூன்று ரொட்டி சாப்பிட்டேன். மூலை மேசையில் ஒருவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டே மீ கோரிங் சாப்பிட்டார். சட்டை நான் இஸ்திரி போட்டது.

28 ஜூன், சனி

நஸ்ருலின் மனைவி ஹஃபீசா போன் செய்தாள். குரலைத் தாழ்த்தி, “அக்கா, அவருக்குத் தெரியாம நானும் இறக்கிட்டேன். குதிக்கிறதுக்கு எந்தப் பட்டன்?”

சொல்லிக் கொடுத்தேன். பனி அம்புக்கு எப்படி ஒதுங்குவது என்பதையும் சொன்னேன். நாளைக்கு அவனை எதிர்த்து நாங்கள் இரண்டு பேர்.